அரசுக் கல்வியியல் கல்லூரியில் எம்.எட். படிக்க நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பி.எட். தேர்வு முடிவுகள் வெளிவரும் வாரத்தில் தொடங்கி எம்.எட். வகுப்புகள் ஆரம்பிக்கும் வரை, எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பெரும்பாலானவை ஒரே பதினாறு கேள்விகளைச் சுற்றியே இருக்கின்றன. அரசுக் கல்லூரி ஒன்றில் எம்.எட். முடித்து, இப்போது ஆசிரியர் பயிற்சியிலேயே பணிபுரிவதால், விசாரிப்பவர்கள் யாராவது ஒருவர் வழியாக என் எண்ணைப் பெற்றுவிடுகிறார்கள். கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளை வைத்து, தமிழ்நாட்டு நிலைமையை ஒட்டிய பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். அவசரமாகப் படிப்பவர்கள் ஏழாவது கேள்வியை மட்டுமாவது படித்துவிட்டு விண்ணப்பத்தை நிரப்புங்கள்.

1. எம்.எட்.ங்கறது பி.எட்.டோட அடுத்த படிதானே சார்? அதே பாடம் இன்னும் கொஞ்சம் ஆழமா இருக்கும், அவ்வளவுதானே?

இல்லை. பி.எட். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பவரை உருவாக்குகிறது, எம்.எட். அந்த ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பவரையும், பாடத்திட்டம் வகுப்பவரையும், கல்வி ஆய்வாளரையும் உருவாக்குவதற்காக ஏற்பட்டது. தத்துவம், உளவியல், சமூகவியல் ஆகிய தலைப்புகள் இரண்டிலும் வருவதால் ஒன்றுபோலத் தோன்றலாம். ஆனால் மாணவரிடம் எதிர்பார்க்கப்படும் வேலை வேறு.

ஒரு காட்சியைச் சொன்னால் விளங்கும். பி.எட். மாணவி ஒருவர் எட்டாம் வகுப்பில் ஒளிச்சேர்க்கை நடத்துகிறார். பாடத்திட்டம் எழுதியிருக்கிறார், வரைபடம் மாட்டியிருக்கிறார், கேள்வியும் கேட்கிறார். கடைசி பெஞ்சில் குறிப்பேட்டோடு அமர்ந்திருக்கும் எம்.எட். மாணவர், கேட்கப்பட்ட பதினொரு கேள்விகளுக்கும் முதல் இரண்டு வரிசைகளில் இருந்தே பதில் வந்ததைக் குறித்துக்கொள்கிறார். அது ஏன் அப்படி ஆனது, கேள்வி அமைந்த விதமா, ஆசிரியரின் பார்வை போன திசையா, பின்வரிசைப் பிள்ளைகள் முன்பே கைவிட்டுவிட்டார்களா என்பதை அந்த மாணவியின் மனம் நோகாமல் எடுத்துச் சொல்லத் தெரிவதற்கான படிப்புதான் இது.

2. அரசுக் கல்லூரின்னா எங்கெங்க இருக்கு? சென்னைக்குத்தான் வரணுமா?

சென்னையில் இரண்டு பழைய நிறுவனங்கள் இருக்கின்றன. சைதாப்பேட்டையில் உள்ள கல்வியியல் மேம்பாட்டு நிறுவனம் 1856-ல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியாகத் தொடங்கிய மரபைக் கொண்டது. திருவல்லிக்கேணியில், கடற்கரையை ஒட்டி உள்ள லேடி வில்லிங்டன் நிறுவனம் பெண்களுக்காக 1922-ல் ஏற்பட்டது. இவை தவிர வேலூர், குமாரபாளையம், புதுக்கோட்டை, ஒரத்தநாடு, கோயம்புத்தூர் ஆகிய ஊர்களிலும் அரசுக் கல்வியியல் கல்லூரிகள் உள்ளன. ஆனால் அரசுக் கல்வியியல் கல்லூரி என்றாலே அங்கே எம்.எட். இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. அந்தந்த ஆண்டின் சேர்க்கை அறிவிப்பில் எம்.எட். பட்டியலைத் தனியாகப் பாருங்கள்.

அரசு உதவிபெறும் கல்லூரிகள் சிலவற்றிலும், காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகம் போன்ற அரசுப் பல்கலைக்கழகங்களின் கல்வியியல் துறைகளிலும் இப்படிப்பு உண்டு. எல்லை தாண்டத் தயங்காதவர்கள், தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமமான என்.சி.இ.ஆர்.டி.யின் கீழ் இயங்கும் மைசூரு மண்டலக் கல்வியியல் நிறுவனத்தையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். தென் மாநிலங்களுக்காகவே அது அமைந்தது, பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகள் அந்தப் பக்கம் அதிகம் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது என் நெடுநாள் குறை.

3. எனக்கு பி.எட்.ல 50 சதவீதத்துக்கு மேல இருக்கு. அது போதுமா? இடம் எப்படிக் கொடுக்கறாங்க?

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமமான என்.சி.டி.இ.யின் 2014-ஆம் ஆண்டு விதிமுறைப்படி பி.எட். அல்லது அதற்கு இணையான ஆசிரியர் கல்விப் பட்டத்தில் குறைந்தது 50 விழுக்காடு வேண்டும். பட்டியலினத்தார் உள்ளிட்டோருக்கு அரசு விதிப்படி தளர்வு உண்டு. இளங்கலைப் பட்டத்தோடு தொடக்கக் கல்விப் பட்டயம் முடித்தவர்களையும் அந்த விதிமுறை ஏற்கிறது என்றாலும், சேர்க்கை நடத்தும் கல்லூரியும் பல்கலைக்கழகமும் அதே அளவுக்குக் கதவைத் திறந்து வைத்திருக்கின்றனவா என்பதைத் தகவல் கையேட்டில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். வேறு மாநிலத்தில் பி.எட். முடித்தவர்கள், தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் தகுதிச் சான்று பெற வேண்டியிருக்கும். அதற்கு நாள் பிடிக்கும் என்பதால் முதல் வேலையாக அதைச் செய்யுங்கள்.

தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளில் நுழைவுத் தேர்வு கிடையாது; மதிப்பெண் அடிப்படையில் தரவரிசைப் பட்டியல் வெளியாகி, 69 விழுக்காடு இட ஒதுக்கீட்டின்படி இடங்கள் நிரப்பப்படும். அதாவது பொதுப் பிரிவுக்கு 31, பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20, அருந்ததியருக்கான 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு உட்படப் பட்டியலினத்தாருக்கு 18, பழங்குடியினருக்கு 1 விழுக்காடு. ஓர் அலகு, அதாவது ஒரு வகுப்புக்கான மாணவர் தொகுதி, என்பது 50 இடங்கள். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், ஒரு கல்லூரியை மட்டும் நம்பி விண்ணப்பிப்பது ஏன் புத்திசாலித்தனம் அல்ல என்று தெரியும்.

4. கட்டணம் எவ்வளவு ஆகும்? புதுமைப் பெண் திட்டத்துல மாசம் ஆயிரம் ரூபாய் வாங்கிட்டிருந்தேன், அது தொடருமா?

அரசுக் கல்லூரியில் கட்டணம் ஒரு குடும்பத்தைக் கடனில் தள்ளும் அளவுக்கு இருக்காது. உண்மையான செலவு கல்லூரிக்கு வெளியே இருக்கிறது: தங்குமிடம், பேருந்து, ஆய்வுக்காகப் பள்ளி பள்ளியாக அலைவது, வினாப்படிவ நகல், கடைசியில் ஆய்வேட்டைத் தட்டச்சு செய்து கட்டமைப்பது. அரசின் ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளில் இடம் கிடைத்தால் பெரும் பாரம் குறையும்.

புதுமைப் பெண் தொகை முதல் பட்டப்படிப்பு, பட்டயப்படிப்பு போன்றவற்றிற்கானது. முதுநிலைப் படிப்புக்குப் பொருந்தாது. பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. வருமானச் சான்றும், ஆதாரோடு இணைத்த வங்கிக் கணக்கும் சேரும்போதே கையில் இருக்கட்டும்.

5. எம்.எட். ஒரு வருஷமா, ரெண்டு வருஷமா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

ஆளாளுக்கு ஒன்று சொல்வதற்குக் காரணம் உண்டு. முன்பு இது ஓராண்டுப் படிப்பாக இருந்தது. உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி வர்மா ஆணையம் 2012-ல் ஆசிரியர் கல்வியின் நிலை குறித்து அறிக்கை அளித்ததைத் தொடர்ந்து, 2014-ஆம் ஆண்டு விதிமுறைகள் வந்தன. 2015-16 கல்வியாண்டிலிருந்து பி.எட்., எம்.எட். இரண்டும் ஈராண்டுப் படிப்புகளாயின. எனவே 2015-க்கு முன் படித்த மூத்த ஆசிரியர் ஓராண்டு என்று சொன்னால் அவர் தன் அனுபவத்தைச் சொல்கிறார்.

2025 பிப்ரவரியில் என்.சி.டி.இ. கருத்துக் கேட்புக்காக வெளியிட்ட வரைவு விதிமுறைகளில் மீண்டும் ஓராண்டு எம்.எட். முன்மொழியப்பட்டது, இளையவர்கள் சொல்வது அதை. வரைவை வைத்து வாழ்க்கையைத் திட்டமிட வேண்டாம். நீங்கள் சேரும் ஆண்டின் சேர்க்கை அறிவிப்பில் எத்தனை ஆண்டு என்று அச்சாகியிருக்கிறதோ அதுதான் உங்களுக்குச் செல்லும். 2014 விதிமுறைப்படி ஈராண்டில் முடிக்க இயலாதவர்கள் அதிகபட்சம் மூன்று ஆண்டுகளுக்குள் முடித்தாக வேண்டும்.

6. நான் தனியார் பள்ளியில வேலை பார்க்கறேன். தபால்ல எம்.எட். கிடைக்குமா? இல்லேன்னா, வாரம் ரெண்டு நாள் மட்டும் வந்தா போதும்னு ஒரு இடத்துல சொல்றாங்களே?

2014 விதிமுறைகளில் தொலைநிலைக் கல்வி வழியில் பி.எட். உண்டு, எம்.எட். இல்லை. ஆகவே தபாலில் எம்.எட். தருவதாக எவராவது சொன்னால், அந்த உரையாடலை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

இரண்டு நாள் வந்தால் போதும் என்பது இன்னும் ஆபத்தானது, ஏனென்றால் அது பார்ப்பதற்கு முறையான படிப்பைப் போலவே இருக்கும். விதிமுறை என்ன சொல்கிறது என்றால், ஆண்டுக்கு 200 வேலை நாள், வாரத்துக்குக் குறைந்தது 36 மணி நேரம், வகுப்பிலும் செய்முறையிலும் 80 விழுக்காடு வருகை, களப்பணியில் 90 விழுக்காடு வருகை. இதைப் பின்பற்றாமல் வாங்கிய பட்டம் வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் திணறும். எனக்குத் தெரிந்த ஒருவர், தாம் பணியாற்றிய பள்ளியில் வாங்கிய அனுபவச் சான்றையும், அதே காலத்தில் முழுநேரமாகப் படித்ததாகச் சொல்லும் எம்.எட். பட்டத்தையும் ஒரே கோப்பில் வைத்துக் கொடுத்தார். எதிரே இருந்த அலுவலர் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்து, தேதிகளின் மேல் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிட்டு, எது உண்மை என்று கேட்டார். நண்பரிடம் பதில் இல்லை.

வேலையை விட முடியாத நிலையில் இருப்பவர்களுக்கு என் யோசனை, இப்போதைக்கு எம்.எட். எண்ணத்தைத் தள்ளிவைத்து, தொலைநிலையில் பாடம் சார்ந்த முதுநிலைப் பட்டத்தை முடிப்பது. அது ஏன் என்பது அடுத்த பதிலில் இருக்கிறது.

7. பி.எஸ்சி., பி.எட். முடிச்சிருக்கேன். எம்.எட். முடிச்சா நேரா கல்வியியல் கல்லூரியில பேராசிரியர் ஆகிடலாம்தானே?

ஆக முடியாது. இந்த ஒரு தகவல் தெரியாமல் இரண்டு ஆண்டுகளைக் கொடுத்துவிட்டு வந்து நிற்பவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். இந்தத் தொகுப்பை எழுதத் தூண்டியதும் அதுதான்.

கல்வியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆவதற்கு என்.சி.டி.இ. கேட்பது ஒன்றல்ல, இரண்டு முதுநிலைப் பட்டங்கள். முதலாவது, நீங்கள் கற்பித்தல் முறை நடத்தப்போகும் பாடத்தில், அதாவது இயற்பியல், கணிதம், தமிழ், வரலாறு போன்றவற்றில், 55 விழுக்காட்டோடு முதுநிலைப் பட்டம். இரண்டாவது, 55 விழுக்காட்டோடு எம்.எட். இவற்றுக்கு மேல் பல்கலைக்கழக மானியக் குழுவின் தகுதிகளான நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சியோ முனைவர் பட்டமோ வேண்டும். இயற்பியல் கற்பித்தல் முறையைப் பி.எட். மாணவர்களுக்குச் சொல்லித்தர வருபவருக்கு இயற்பியலில் அவர்களைவிட ஒரு படியாவது மேலான பிடிப்பு வேண்டும் என்ற நியாயமான எண்ணமே இதன் அடிப்படை. எம்.எஸ்சி. இல்லாத எம்.எட்., ஒரு கால் குட்டையான நாற்காலி. உட்காரலாம், சாய முடியாது. மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனமான டயட்டின் விரிவுரையாளர் பணிக்கும் பாட முதுநிலை, எம்.எட். என்ற இணையே அடிப்படை.

இன்னொரு நுணுக்கத்தையும் கவனியுங்கள். எம்.எட்.டில் சேர 50 விழுக்காடு போதும்; ஆனால் அங்கிருந்து வெளியேறும்போது 55 இருந்தால்தான் மேலே சொன்ன கதவுகள் திறக்கும். 53 விழுக்காட்டில் தேர்ச்சி பெற்றுவிட்டு, ஒரு பருவத்தின் அகமதிப்பீட்டு ஏடுகளை நேரத்துக்குக் கொடுத்திருந்தால் அந்த இரண்டு விழுக்காடு வந்திருக்குமே என்று வருந்துபவர்கள் உண்டு. ஆகவே பாட முதுநிலை இல்லாதவர்கள் முதலில் அதை முடித்துவிட்டு வாருங்கள். வயதும் பணமும் வீணாகாது.

8. அப்போ எம்.எட்.டுக்குப் பதிலா எம்.ஏ. கல்வியியல் படிச்சா? அதுக்கு பி.எட். கூட வேண்டாங்கறாங்க.

எம்.ஏ. கல்வியியல் ஒரு துறைசார் முதுநிலைப் பட்டம். கல்வியை ஓர் அறிவுத்துறையாகப் படிப்பது. அது தொலைநிலையிலும் கிடைக்கும், என்.சி.டி.இ. அங்கீகாரம் தேவைப்படும் தொழிற்படிப்பு அல்ல. எம்.எட். தொழிற்படிப்பு, களப்பயிற்சி கட்டாயம். கல்வியியல் பாடத்தில் நெட் எழுதவும், முனைவர் பட்டத்துக்குப் பதியவும் இரண்டுமே உதவும்.

கல்வியியல் கல்லூரிப் பணி என்று வரும்போதுதான் வேறுபாடு தெரியும். பி.எட். கல்லூரியில் தத்துவம், உளவியல் போன்ற அடிப்படைத் தாள்களை நடத்த, 55 விழுக்காட்டோடு எம்.ஏ. கல்வியியலும் அதே அளவு மதிப்பெண்ணோடு பி.எட்.டும் வைத்திருப்பவரை விதிமுறை ஏற்கிறது. பாடம் சார்ந்த கற்பித்தல் முறைத் தாள்களுக்கு ஏற்காது. பள்ளி வேலையை விட முடியாதவர்களுக்கு இது ஒரு குறுகலான, ஆனால் நேர்மையான பாதை.

9. நான் அரசுப் பள்ளியில பட்டதாரி ஆசிரியர். எம்.எட். முடிச்சா ஊக்க ஊதியம் கிடைக்கும்னு எங்க தலைமையாசிரியர் சொல்றாரே?

உங்கள் தலைமையாசிரியர் பெற்றிருப்பார். நீங்கள் பெற முடியாது. கூடுதல் கல்வித் தகுதிக்கு முன் ஊதிய உயர்வு வழங்கும் முறையைத் தமிழ்நாடு அரசு 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டது. பின்னர் அதற்குப் பதிலாக ஒரே தடவையில் வழங்கும் ஊக்கத்தொகை கொண்டுவரப்பட்டது; மாதந்தோறும் சம்பளத்தோடு வளர்ந்துகொண்டே வந்த பழைய உயர்வோடு அதை ஒப்பிட முடியாது.

ஊதியத்துக்காக மட்டும் என்றால், இரண்டு ஆண்டு விடுப்பும் அலைச்சலும் இதற்குத் தகாது. டயட்டுக்கோ கல்வியியல் கல்லூரிக்கோ போகும் எண்ணம் இருந்து படிப்பதானால், சேருவதற்கு முன்பே துறையிடம் தடையின்மைச் சான்றும், முறையான விடுப்புக்கான ஆணையும் பெற்றுவிடுங்கள். விண்ணப்பித்திருக்கிறோம், வந்துவிடும் என்ற நம்பிக்கையில் வகுப்புக்குப் போகத் தொடங்கினால், ஆறாம் பதிலில் வந்த நண்பரின் நிலைதான்.

10. முதுகலை ஆசிரியர் தேர்வுக்குப் படிச்சிட்டிருக்கேன். நடுவுல எம்.எட். சேர்ந்தா அதுக்கு உதவுமா?

முதுகலை ஆசிரியர் பணிக்குப் பாட முதுநிலையும் பி.எட்.டும் போதும், எம்.எட். கேட்கப்படுவதில்லை. ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வில் கல்வியியல் பகுதிக்கு எம்.எட். படிப்பு ஓரளவு உதவும், ஆனால் அந்த ஓரளவுக்காக இரண்டு ஆண்டு முழுநேரப் படிப்பு அதிகம். தேர்வு அறிவிப்பு வந்துவிட்ட நிலையில் இரண்டையும் இழுத்துப் பிடிப்பவர்கள் இரண்டிலும் அரைகுறையாக நிற்பதையே கண்டிருக்கிறேன்.

11. நான் தமிழ் வழியில படிச்சவ. எம்.எட். தமிழ்ல எழுதலாமா? வகுப்பு புரியுமா?

தேர்வைத் தமிழில் எழுதலாம். ஆய்வேட்டையும் நெறியாளரின் ஒப்புதலோடு தமிழில் எழுதுபவர்கள் உண்டு. வகுப்பில் ஆசிரியர்கள் பெரும்பாலும் இரண்டு மொழியையும் கலந்தே பேசுவார்கள். எனவே அந்த அச்சத்தால் பின்வாங்க வேண்டாம்.

ஆனால் ஒரு சிக்கலை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நெட் தேர்வில் கல்வியியல் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும். ‘ஆக்கமுறைக் கற்றல்’ என்றும் ‘அண்மை வளர்ச்சி மண்டலம்’ என்றும் அழகாகத் தமிழில் எழுதித் தேர்ச்சி பெற்றவர், அந்தத் தேர்வில் அதே கருத்தை ஆங்கிலப் பெயரில் பார்த்துவிட்டு அடையாளம் தெரியாமல் விழிப்பது வருத்தமான காட்சி. முதல் பருவத்திலேயே ஒரு சிறு நோட்டுப் போட்டு, இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் ஆங்கிலச் சொல் என்று எழுதி வாருங்கள். இரண்டு ஆண்டு முடிவில் அந்த நோட்டு எந்த வழிகாட்டி நூலையும்விட மதிப்பானதாக இருக்கும்.

12. இன்டர்ன்ஷிப்னா மறுபடியும் பள்ளிக்கூடத்துல போய் பாடம் எடுக்கணுமா?

பள்ளிக்கும் போவீர்கள், ஆனால் முக்கியமான பகுதி ஆசிரியர் கல்வி நிறுவனத்தில். ஒரு பி.எட். கல்லூரியிலோ டயட்டிலோ பயிற்சி ஆசிரியர்களுக்கு வகுப்பு எடுப்பது, அவர்களின் பாடத்திட்டங்களைத் திருத்துவது, முதல் பதிலில் சொன்னபடி பின்வரிசையில் அமர்ந்து உற்றுநோக்குவது ஆகியவை இதில் அடங்கும். நேற்று வரை சக மாணவராக இருந்த வயதினருக்கு இன்று வகுப்பெடுக்கும் கூச்சம் முதல் வாரத்தோடு போய்விடும். வருகை 90 விழுக்காடு வேண்டும் என்பதை மறவாதீர்கள். உறவினர் திருமணங்களை அந்த வாரங்களில் தவிர்த்தே ஆக வேண்டும்.

13. ஆய்வேடுன்னா பயமா இருக்கு சார். தலைப்பு எப்படி எடுக்கறது? எனக்குப் புள்ளியியலும் வராது.

எம்.எட். படிப்பின் உயிர் ஆய்வேட்டில் இருக்கிறது. துரதிர்ஷ்டவசமாக, மிகுதியான சடங்குகள் நடப்பதும் அங்கேதான். நூலகத்தில் பழைய ஆய்வேடுகளின் முதுகுகளைப் படித்துக்கொண்டே போனால், ‘மேனிலைப் பள்ளி மாணவர்களின் இன்னதற்கும் கல்வி அடைவுக்கும் உள்ள தொடர்பு’ என்ற அச்சில் வார்த்த தலைப்புகள் வரிசையாக நிற்கும். உள்ளே திறந்தால் ஆண், பெண், நகரம், கிராமம், அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்ற மூன்று ஒப்பீடுகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டவணை. அந்த ஒப்பீட்டைச் செய்ய வேண்டிய காரணம் என்ன என்று வாய்மொழித் தேர்வில் கேட்டால், எல்லோரும் செய்கிறார்கள் என்பதைத் தவிர வேறு பதில் இராது. தலைப்பை உங்கள் கண்ணால் பார்த்த வகுப்பறையிலிருந்து எடுங்கள். ஆறாம் வகுப்புக்கு வந்தும் கழித்தலில் கடன் வாங்கத் தெரியாத பிள்ளைகள் எந்த இடத்தில் தவறுகிறார்கள் என்று நாற்பது விடைத்தாள்களை வைத்து அலசுவது, நானூறு பேரிடம் தாள் கொடுத்து ‘மனப்பான்மை’ அளப்பதைவிடப் பயனுள்ள ஆய்வு.

ஆய்வுக் கருவியில்தான் பலர் சறுக்குகிறார்கள், நானும் சறுக்கினேன். படிக்கும் பழக்கத்தைப் பற்றிய என் வினாப்படிவத்தில், ‘ஓய்வு நேரத்தில் பள்ளி நூலகத்திற்குச் செல்வேன்’ என்று ஒரு கூற்று இருந்தது. எதிரே எப்போதும், சில நேரங்களில், ஒருபோதும் இல்லை என்று மூன்று கட்டங்கள். ஒன்பதாம் வகுப்பில் தாளைக் கொடுத்துவிட்டு நின்றபோது ஒரு பையன் எழுந்து, “சார், அந்த பீரோவைச் சொல்றீங்களா?” என்று கேட்டான். அந்தப் பள்ளியில் நூலகம் என்பது தலைமையாசிரியர் அறையில் பூட்டியிருந்த ஓர் இரும்பு பீரோ. அவன் ‘ஒருபோதும் இல்லை’ கட்டத்தில் குறியிட்டால், அது அவனுடைய படிக்கும் பழக்கத்தைக் காட்டுமா, சாவி யாரிடம் இருந்தது என்பதைக் காட்டுமா? முன்னோட்டமாக முப்பது பேரிடம் கொடுத்துப் பார்த்திருந்தால் அந்தக் கூற்றை அப்போதே நீக்கியிருப்பேன். மேலும், மதிய உணவு மணிக்கு முந்தைய பாடவேளையில் வினாப்படிவம் கொடுக்காதீர்கள். கடைசிப் பக்கம் முழுவதும் நடுக்கட்டத்தில் நேர்க்கோடாக டிக் விழுந்திருக்கும்.

புள்ளியியலைப் பொறுத்தவரை, உங்களுக்குத் தேவைப்படுவது சராசரி, திட்ட விலக்கம், ஒட்டுறவு, டி-சோதனை, எஃப்-சோதனை ஆகியவை. கணக்கைக் கணினி போட்டுத் தரும். நீங்கள் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே: இரண்டு குழுக்களுக்கு இடையே தெரியும் வேறுபாடு தற்செயலாகவும் வந்திருக்கலாம், அப்படி வந்திருக்கக்கூடிய வாய்ப்பு எவ்வளவு சிறியது என்பதைத்தான் 0.05 மட்டம் பேசுகிறது. இதை உங்கள் அம்மாவுக்குப் புரியும்படி சொல்ல வந்துவிட்டால், வாய்மொழித் தேர்வில் எவரும் உங்களை அசைக்க முடியாது. வரலாறும் தமிழும் படித்தவர்கள் இதைக் கணிதம் படித்தவர்களைவிடத் தெளிவாக விளக்கி நான் கேட்டிருக்கிறேன்.

14. வெளியில பணம் கொடுத்தா ஆய்வேட்டை எழுதிக் கொடுக்கறாங்களாமே?

கொடுக்கிறார்கள். மூன்றாம் அத்தியாயத்தில் திருநெல்வேலி மாவட்ட மாணவர்கள் என்றும், ஐந்தாம் அத்தியாயத்தில் சேலம் மாவட்ட மாணவர்கள் என்றும் இருந்த ஓர் ஆய்வேட்டை நான் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். ஆசிரியர்களுக்கு ஆசிரியராகப் போகிறவர் இதைச் செய்யலாமா என்ற கேள்விக்கு நான் பதில் எழுத வேண்டியதில்லை. தட்டச்சுக்கும் பிழைதிருத்தத்துக்கும் பணம் கொடுப்பது வேறு.

15. எம்.எட். முடிச்ச பிறகு நெட், பிஎச்.டி. எப்படிப் போகணும்? முடிச்சிட்டுத்தான் எழுத முடியுமா?

இறுதியாண்டில் இருக்கும்போதே நெட் எழுதலாம். தேர்வு ஆண்டுக்கு இருமுறை நடைபெறுகிறது. முதல் தாளில் 50, இரண்டாம் தாளில் 100 என மூன்று மணி நேரத்தில் 150 கேள்விகள், மொத்தம் 300 மதிப்பெண், தவறான விடைக்குக் கழிவு இல்லை. 2024 ஜூன் முதல் மூன்று நிலைகளில் முடிவு வெளியாகிறது: இளநிலை ஆய்வு நிதியோடு கூடிய தகுதி, உதவிப் பேராசிரியர் தகுதி, முனைவர் பட்டச் சேர்க்கைக்கு மட்டுமான தகுதி. முதல் நிலை கிடைத்தால் ஆய்வுக் காலத்தின் தொடக்கத்தில் மாதம் 37,000 ரூபாய் வரும். ஒரு குடும்பத்தை ஏற்றுக்கொண்டிருப்பவர் முனைவர் பட்டம் படிக்க முடியுமா என்ற கேள்விக்கு அந்தத் தொகைதான் பல வீடுகளில் விடையாக இருக்கிறது. எம்.பில். இனி இல்லை, 2022 விதிமுறைகளோடு அது முடிந்துபோனது. முதுநிலையில் 55 விழுக்காடு, ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50, என்பது நெட்டுக்கும் முனைவர் பட்டத்துக்கும் பொதுவான நிபந்தனை.

16. எனக்கு எம்.ஏ. இல்லை, ஆனா எம்.எட். இடம் கிடைச்சிடுச்சு. விட மனசில்லை. ரெண்டையும் ஒரே நேரத்துல படிக்கலாமா?

ஏழாம் பதிலைப் படித்தவர்கள் கேட்கும் அடுத்த கேள்வி இதுவாகத்தான் இருக்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 ஏப்ரலில் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, ஒரு பட்டத்தை நேரடி வகுப்பிலும் மற்றொன்றைத் தொலைநிலை அல்லது இணையவழியிலும் ஒரே காலத்தில் படிக்கலாம். ஆனால் அந்த வழிகாட்டுதலே, தொழிற்படிப்புகளுக்கு உரிய ஒழுங்குமுறை அமைப்புகளின் விதிகளுக்கும் உட்பட்டது என்கிறது, எம்.எட். அப்படிப்பட்ட படிப்பு. ஆகவே பொதுவான அனுமதி இருக்கிறதே என்று நீங்களாக முடிவு செய்யாமல், எம்.எட். கல்லூரி முதல்வர் வழியாகப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேளுங்கள்.

நடைமுறைத் தொல்லை ஒன்றும் இருக்கிறது. இரண்டு படிப்புகளின் பருவத் தேர்வுகளும் பெரும்பாலும் ஒரே மாதங்களில் வரும்; ஒரே நாள் காலையில் இரண்டு ஊர்களில் தேர்வு என்றால் ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும். கால அட்டவணைகள் மோதாத தொலைநிலைப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்க, அவர்களின் முந்தைய இரண்டு ஆண்டுத் தேர்வு அட்டவணைகளை எடுத்துவைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். எழுதிக் கேட்ட கடிதத்துக்கு வரும் பதிலை, இரு படிப்புகளின் சேர்க்கை ஆணைகளோடு சேர்த்து ஒரே கோப்பில் பத்திரப்படுத்துங்கள். சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் மதிப்பெண்ணுக்கு முன்னால் அவர்கள் பார்ப்பது தேதிகளைத்தான்.